ராஜாவின் சிறுநீரகமும் பாலிசியின் ஏழாம் பக்கமும்

பெயர் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

அவர் வீட்டில் இருப்பது ராஜா. ஆண் பெர்ஷியன் பூனை, வெள்ளை நிறம், சப்பை மூக்கு, வயது நான்கு. மூன்று மாதக் குட்டியாக ஒரு பிரீடரிடம் வாங்கியிருக்கிறார். தாத்தா பாட்டி பெயர் வரை போட்ட வம்சாவளிச் சான்றிதழ் கையில் இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்பு ராஜாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. மணல் தட்டில் போய் உட்கார்ந்து முக்குவதும், கத்துவதும், ஒன்றும் வராமல் எழுந்து வருவதுமாக ஒரு ராத்திரி போயிருக்கிறது. மலச்சிக்கல் என்று நினைத்து விடியும்வரை காத்திருந்திருக்கிறார்கள். அப்புறம் மருத்துவமனை, சிறுநீரை வெளியே எடுக்கும் குழாய் (கத்தீட்டர்), மூன்று நாள் சிகிச்சை. பிழைத்துவிட்டான். பில்லைப் பார்த்த கணவர், "ஒரு பூனைக்கு இவ்வளவா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறதாம்.

இப்போது புதிதாக ஒரு கவலை. ராஜாவோடு பிறந்த பெண் குட்டியை வாங்கியவர் ஸ்கேன் எடுத்ததில், அதன் இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள் இருந்திருக்கின்றன. பயந்துபோன வாசகி இன்ஷூரன்ஸ் ஏஜென்டைக் கூப்பிட்டிருக்கிறார். அவர், "பழைய கதையெல்லாம் ஃபார்மில் எழுத வேண்டாம் மேடம், ஒரு மாதம் தாண்டினால் எல்லாமே கவர் ஆகிவிடும்" என்று சொல்லியிருக்கிறார். வாசகியின் திட்டம் இது: முதலில் பாலிசி எடுத்துவிடுவது, மரபணுப் பரிசோதனையைப் பிறகு வைத்துக்கொள்வது. தெரியாது என்று சொன்னால் பொய்யாகாதே என்பது அவர் வாதம். பழைய சிகிச்சைக் குறிப்பைக் கொஞ்சம் "சரி செய்து" தரும்படி டாக்டரிடம் கேட்கலாமா என்பது இன்னொரு கேள்வி. செலவை ஈடுகட்ட ராஜாவை ஒருமுறை இனச்சேர்க்கைக்கு விடலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் இணைத்திருந்த மூன்றையும் படித்தேன்: வம்சாவளிச் சான்றிதழ், மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாள், ஏஜென்ட் அனுப்பிய மாதிரி பாலிசி. உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் அந்தத் தாள்களிலேயே இருக்கிறது.

சான்றிதழ் சொல்லாதது

வம்சாவளிச் சான்றிதழ் ராஜா யாருடைய பிள்ளை என்று சொல்கிறது. அவன் ஆரோக்கியமானவன் என்று அதில் எங்கும் இல்லை. ராஜாவின் அப்பா பூனைப் போட்டியில் வாங்கிய பரிசு, முடிக்கும் முகத்துக்கும் கிடைத்தது. நடுவர்கள் சிறுநீரகத்தைப் பார்ப்பதில்லை. பெர்ஷியன் குட்டி வாங்குகிறவர் கேட்டு வாங்க வேண்டியது, பெற்றோர் இருவருக்கும் எடுத்த மரபணுப் பரிசோதனை முடிவு. அதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்காக உங்களை நொந்துகொள்ளவும் வேண்டாம்.

உங்களைப் பயமுறுத்தும் நோயின் பெயர் பி.கே.டி. (பாலிசிஸ்டிக் கிட்னி டிசீஸ்). சிறுநீரகத்துக்குள் நீர் நிறைந்த கட்டிகள் உருவாகி, வருடக்கணக்கில் மெதுவாக வளர்ந்து, நல்ல திசுவை நெருக்கி ஒழித்துவிடும். பெர்ஷியன்களில் இதற்குக் காரணம் ஒரே ஒரு மரபணுவில் உள்ள ஒரே ஒரு எழுத்துப் பிழை. அந்த இடத்தை 2004-ல் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பு பல நாடுகளில் ஸ்கேன் செய்து எடுத்த கணக்குகளில், பெர்ஷியன் பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இந்த நோய் இருந்தது. பரிசோதனை வந்த பிறகு, பொறுப்பான பிரீடர்கள் பாதிக்கப்பட்ட பூனைகளை இனவிருத்தியிலிருந்து ஒதுக்கத் தொடங்கினார்கள். பொறுப்பில்லாதவர்கள் ஒதுக்கவில்லை.

பெற்றோரில் ஒருவரிடம் இந்தப் பிழை இருந்தாலே போதும், ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கூடப்பிறந்தவளுக்கு இருப்பது இந்த மரபணு நோய்தான் என்றால், ராஜாவுக்கு இருக்கும் வாய்ப்பும் குறைந்தபட்சம் அந்த அளவு. இருந்தாலும் உடனே ஒன்றும் நடந்துவிடாது. அறிகுறிகள் பெரும்பாலும் ஏழு வயதை ஒட்டித்தான் வெளியே தெரியும். மூன்று வயதிலேயே தெரிந்த பூனைகளும் உண்டு, கட்டிகளோடு கிழடாகி வேறு காரணத்தால் இறந்த பூனைகளும் உண்டு. குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஆனால் நோய் இருப்பது முன்கூட்டியே தெரிந்தால் சாப்பாடு, தண்ணீர், ரத்த அழுத்தம், எந்த மருந்து ஆகாது என்பதெல்லாம் மாறும்.

டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரி

ராஜாவுக்கு இதுவரை சிறுநீரக ஸ்கேன் எடுத்ததே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எடுத்திருக்கிறார்கள். அடைப்போடு வந்த அன்று மூத்திரப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசவுண்ட் செய்திருக்கிறார்கள். தாளின் இரண்டாம் பக்கத்தில், மருந்துப் பட்டியலுக்கு மேலே, கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: இடது சிறுநீரகத்தில் சிறு நீர்க்கட்டி போலத் தெரிகிறது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, மறுபடி ஸ்கேன் செய்து பார்க்கவும். பூனை பிழைத்ததே போதும் என்ற மனநிலையில் அன்றைக்கு அது உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கும். யாராவது வாயால் சொல்லியும் இருக்கலாம், பில் கவுன்டர் முன்னால் நிற்கும்போது சொன்னது மனதில் நிற்காது.

ஆகவே, முதலில் பாலிசி, பிறகு பரிசோதனை, அதுவரை தெரியாது என்ற திட்டத்துக்கு இப்போது இடமே இல்லை. காகிதத்தில் இருப்பது தெரியாது என்று சொன்னால் எடுபடாது. நாளைக்குச் சிறுநீரகச் செலவுக்கு நீங்கள் க்ளெய்ம் போட்டால், கம்பெனி அந்த ஒரு பில்லை மட்டும் பார்க்காது. முதல் தடுப்பூசியிலிருந்து எல்லா மருத்துவக் குறிப்புகளையும் கேட்டு வாங்கும். அந்தக் கேள்விக்குறியை முதலில் கண்டுபிடிக்கப் போகிறவர் க்ளெய்ம் அதிகாரிதான்.

குறிப்பைச் "சரி செய்து" தரும்படி டாக்டரிடம் கேட்காதீர்கள். நேர்மையான டாக்டர் மறுத்துவிடுவார். ஒப்புக்கொள்கிறவரிடம் ராஜாவைக் காட்டாமல் இருப்பதே நல்லது. அந்த வரி இன்ஷூரன்ஸுக்காக எழுதியதும் இல்லை. இன்னொரு நாள் நடுராத்திரி வேறொரு மருத்துவமனைக்கு ராஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடினால், டியூட்டியில் இருக்கும் டாக்டர் வலிக்கு எந்த ஊசி போடலாம் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். வலிநிவாரணிகளில் சில, பழுதான சிறுநீரகத்தை மேலும் கெடுத்துவிடும்.

ஏழாம் பக்கம்

பாலிசி எடுக்கிறவர்கள் வழக்கமாக முதல் பக்கத்தைப் படிப்பார்கள்: எவ்வளவு தொகை வரை, என்னென்ன சலுகை. நான் யாருக்குச் சொன்னாலும், விலக்குகள், அதாவது எதற்கெல்லாம் பணம் கிடையாது என்பவை, எந்தப் பக்கத்தில் இருக்கின்றனவோ அங்கிருந்து தொடங்கச் சொல்வேன். உங்கள் பாலிசியில் அது ஏழாம் பக்கம். இரண்டு பிரிவுகள் ராஜாவின் தலையெழுத்தை நிர்ணயிக்கின்றன.

முதல் பிரிவு, முன்பே இருந்த நோய். பாலிசி தொடங்கும் முன்போ, காத்திருப்புக் காலத்துக்குள்ளோ (பாலிசி எடுத்தும் கவர் தொடங்காத முதல் நாட்கள்) "அறிகுறி தென்பட்ட" எந்த நோய்க்கும் பணம் கிடையாது என்கிறது. கண்டறியப்பட்ட நோய் என்று அதில் இல்லை, அறிகுறி என்றுதான் இருக்கிறது. க்ளெய்ம் ஃபார்மில் மருத்துவர் நிரப்ப வேண்டிய பகுதியிலும் இதே கேள்வி வரும்: இந்த நோயின் அறிகுறி முதன்முதலில் எப்போது கவனிக்கப்பட்டது? "சில நாளாகத் தண்ணீர் நிறையக் குடிக்கிறான்" என்று தடுப்பூசி போடப் போன இடத்தில் நீங்கள் சும்மா சொன்னதை டாக்டர் குறித்து வைத்திருந்தால், ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிக்கும் சிறுநீரக நோய்க்கு அதுதான் தொடக்கத் தேதி. ராஜாவின் சிறுநீர் அடைப்பு இந்தப் பிரிவுக்குள் அடங்கிவிடும். கீழே "அதோடு தொடர்புடைய நோய்களும்" என்று ஒரு வால் வேறு இருக்கிறது, அதனால் கல், மறு அடைப்பு, ஆபரேஷன் எல்லாமே போச்சு.

ஒரு மாதம் தாண்டினால் எல்லாம் கவர் ஆகும் என்று ஏஜென்ட் சொன்னது இந்த இடத்தில்தான் குழம்பியிருக்கிறது. காத்திருப்புக் காலம் என்பது புதிதாக வரும் நோய்களுக்கானது. விபத்துக்குச் சில நாள், நோய்க்கு இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதம் என்று வைப்பது வழக்கம். அது கடந்தால் பழைய நோய் புதிய நோயாகிவிடாது. சில கம்பெனிகள், முழுமையாகக் குணமான நோய் குறிப்பிட்ட காலத்துக்குத் திரும்ப வராமல் இருந்தால் அதை மறுபடி கவரில் சேர்த்துக்கொள்வதுண்டு. உங்கள் பாலிசியில் அப்படி ஒரு வாசகம் இல்லை. வேறு பாலிசி பார்க்கும்போது அதைத் தேடுங்கள், சிறுநீர் அடைப்பு விஷயத்தில் உதவக்கூடும்.

இரண்டாவது பிரிவு, பிறவி நோய்களும் பரம்பரை நோய்களும். மொத்தமே இரண்டு வரி. ஆனால் பெர்ஷியன் வளர்க்கிறவருக்குப் பாலிசியிலேயே விலை அதிகமான வரிகள் இவைதான். பி.கே.டி. அதோடு போகிறது. இந்த இனத்துக்கே வரும் ஒருவகைப் பார்வையிழப்பும் போகிறது. தட்டை முகத்தால் வரும் தொந்தரவுகளையும் சிலர் இதில் அடக்கப் பார்ப்பார்கள்: ஓயாமல் வழியும் கண், கருவிழியில் கறுப்பாகப் படிந்து ஆபரேஷன் வரை போகும் புண், தாறுமாறாக முளைத்த பல், மூச்சிரைப்பு. இன்னொரு பக்கம், இனப்பூனை என்பதற்காகப் பிரீமியத்தைக் கூட்டியிருக்கிறார்கள். சேர்த்துப் பார்த்தால், பெர்ஷியனுக்கான பிரீமியத்தைக் கட்டி நாட்டுப்பூனைக்கான காப்பை வாங்குகிறீர்கள். ராஜாவுக்கு இந்தப் பாலிசி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

எல்லா பாலிசியும் இப்படி இல்லை. பரம்பரை நோயையும் ஏற்கும் பாலிசிகள் உண்டு. பெரும்பாலும் அவற்றின் நிபந்தனை, பூனை சிறுகுட்டியாக இருக்கும்போதே, அறிகுறி எதுவும் தெரியும் முன்பே சேர்ந்திருக்க வேண்டும், நடுவில் ஒரு வருடம்கூட விடாமல் புதுப்பித்திருக்க வேண்டும் என்பது. அடுத்து ஒரு குட்டி வாங்கினால், பெற்றோரின் பரிசோதனைத் தாளைப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அப்படி ஒரு பாலிசியும் எடுத்துவிடுங்கள்.

ஃபார்மில் பழையதை மறைத்தால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு க்ளெய்ம் போவதோடு முடியாது. பாலிசியையே தொடக்கத்திலிருந்து ரத்து செய்ய இடம் உண்டு. நாளைக்கு எலும்பு முறிந்தாலும் காசு வராது. அடுத்த கம்பெனியின் ஃபார்மில், "இதற்கு முன் எந்தக் கம்பெனியாவது உங்கள் பாலிசியை ரத்து செய்ததா?" என்று ஒரு கேள்வி காத்திருக்கும். ஏஜென்ட் சொல்லித்தான் செய்தேன் என்று அப்போது சொல்லிப் பயனில்லை, ஃபார்மில் கையெழுத்து உங்களுடையது. கூடப்பிறந்தவளின் ஸ்கேனையும் சொல்ல வேண்டுமா என்ற சந்தேகம் வந்தால் கம்பெனிக்கே மின்னஞ்சலில் கேளுங்கள். வரும் பதிலைப் பத்திரமாக வையுங்கள். போனில் சொன்ன எதற்கும் மதிப்பில்லை.

பில் 100 என்றால் கைக்கு எவ்வளவு

சரி, கவர் ஆகும் நோய்தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முழுப் பணம் வராது. பில் 100. முதல் 20 உங்கள் பங்கு, அதைத்தான் டிடக்டிபிள் என்கிறார்கள். மிச்சம் 80-ல் 20 சதவீதம் கோ-பே, அதுவும் உங்களுடையது. கைக்கு வருவது 64. சில கம்பெனிகள் சதவீதத்தை முதலில் கழித்துவிட்டு அப்புறம் 20-ஐக் கழிப்பார்கள், அப்போது 60. இதுகூடப் பெரிய வித்தியாசம் இல்லை.

பெரிய வித்தியாசம், அந்த முதல் 20-ஐ வருடத்துக்கு ஒருமுறை கழிக்கிறார்களா, ஒவ்வொரு க்ளெய்முக்குமா என்பதில் இருக்கிறது. எலும்பு முறிவு ஒரே பெரிய பில்லாக வரும். சிறுநீரக நோய் அப்படி வராது. மாதாமாதம் சிறப்பு உணவு, சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, ரத்த அழுத்த மாத்திரை, பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மருந்து, பிறகு தோலுக்கடியில் ஏற்றும் திரவம் என்று சின்னச் சின்ன பில்களாக வருடக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். தலைக்கு 20 வீதம் ஐந்து பில் வந்து, ஒவ்வொன்றிலும் முதல் 20 உங்களுடையது என்றால், 100 செலவில் உங்களுக்குக் கிடைப்பது சைபர். அதே 20-ஐ வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கழித்தால் 64 கிடைத்திருக்கும். நீங்கள் அனுப்பிய பாலிசி க்ளெய்முக்கு ஒருமுறை வகை. சிறப்பு உணவையோ விலக்குப் பட்டியலிலேயே போட்டுவிட்டார்கள்.

இன்னும் ஒன்று. சில பாலிசிகள் ஒரு நோய்க்கு 12 மாதம் மட்டும் தரும், அதற்குப் பிறகு அதே நோயை முன்பே இருந்த நோயாக மாற்றிவிடும். நாள்பட்ட நோய்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை. "வாழ்நாள்" வகை என்று தனியாக இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும்போது தொகை வரம்பு மறுபடி நிரம்பும், பழைய நோயும் கவரில் தொடரும். பிரீமியம் கூடுதல், வயதாக ஆகக் கூடிக்கொண்டும் போகும். பத்து வயதில் கட்ட முடியாமல் விட்டுவிட்டால், அதுவரை கட்டியதற்குப் பிறகு வரும் செலவில் பயன் எதுவும் இருக்காது. பெர்ஷியன் பன்னிரண்டு, பதினைந்து வயது வரை வாழக்கூடியது. அதனால் இன்றைய பிரீமியத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பத்து வயதுப் பூனைக்கு அதே பாலிசியில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேளுங்கள்.

தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை, பல் சுத்தம், முடி பராமரிப்பு ஆகியவை சாதாரண பாலிசியில் வராது. அவற்றைக் குடும்பச் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

ராஜாவுக்கு நான் சொல்வது

அவனுக்கு வரக்கூடிய பெரிய செலவுகளில் முதல் இரண்டு, மறு அடைப்பும் சிறுநீரகமும். இரண்டுக்கும் இன்ஷூரன்ஸ் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. மிச்சம் இருப்பவை விபத்து, விழுங்கிய நூல் அல்லது ரப்பர் பேண்டு, தொற்று, சர்க்கரை நோய், புற்றுநோய். அவற்றுக்காகப் பாலிசி எடுப்பது தவறில்லை. எல்லாவற்றையும் ஃபார்மில் எழுதுங்கள். சிறுநீர், சிறுநீரகம் இரண்டையும் மட்டும் பெயர் சொல்லி விலக்கி, மற்றதை ஏற்கச் சம்மதமா, அதற்குப் பிரீமியத்தைக் குறைப்பீர்களா என்று இரண்டு மூன்று கம்பெனிகளிடம் எழுத்தில் கேளுங்கள். குறைத்தால் எடுங்கள். முழு விலை கேட்டால் விட்டுவிடுங்கள்.

எடுத்தாலும் விட்டாலும், ராஜா பெயரில் தனிச் சேமிப்பு கட்டாயம். வீட்டுச் செலவுக் கணக்கோடு கலக்காத ஒரு கணக்கில், பிரீமியமாகக் கட்ட நினைத்த தொகையை மாதாமாதம் போட்டு வாருங்கள். இதில் உள்ள ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன்: முதல் வருடத்தில் அந்தக் கணக்கில் பெரிதாக ஒன்றும் இருக்காது, பணம் சேரும்வரை பூனை நோய்வாய்ப்படாமல் காத்திருக்காது. அதனால் தொடக்கத்தில் மொத்தமாக ஒரு தொகை போட முடியுமா என்று பாருங்கள். உங்கள் கணவர் ஒரு பூனைக்கு இவ்வளவா என்று கேட்டதில் எனக்குக் குறை தெரியவில்லை. எதிர்பாராமல் வந்த பில்லைப் பார்த்து யாரும் கேட்பதுதான். மாதம் இவ்வளவு என்று முன்பே பேசி முடிவு செய்த தொகைக்கு அந்தச் சண்டை வராது. எந்த அளவுக்கு மேல் சிகிச்சை வேண்டாம் என்பதையும் இப்போதே, ராஜா மடியில் நன்றாக இருக்கும்போதே, இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள். ஐ.சி.யு. வாசலில் நின்று பேசுகிற பேச்சில்லை அது.

பரிசோதனையை இனித் தள்ளிப்போடக் காரணமில்லை. மரபணுப் பரிசோதனைக்குக் கன்னத்தின் உட்புறத்தை ஒரு பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தால் போதும். வாழ்நாளில் ஒரே தடவைதான், முடிவு மாறாது. ஆனால் அந்த மரபணுப் பிழை இருக்கிறதா இல்லையா என்றுதான் சொல்லும், கட்டி எவ்வளவு பெரிது, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லாது. அதற்கு ஸ்கேன், ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் நான்கும் வேண்டும். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். சிறுநீரகத்தின் பெரும்பகுதி, சுமார் முக்கால் பங்கு, போன பிறகுதான் அந்த எண் தெளிவாக ஏறும். எஸ்.டி.எம்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள், கொஞ்சம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். மரபணு முடிவு நார்மல் என்று வந்தால் பி.கே.டி. பயம் பெரும்பாலும் போகும். வயதான பூனைகளுக்குப் பொதுவாக வரும் சிறுநீரக நோய் வராது என்று அதற்கு அர்த்தமில்லை.

உணவில் ஒரு சிக்கல் இருக்கிறது. அடைப்புக்குப் பிறகு உங்களுக்கு எழுதிக்கொடுத்த சிறுநீர்க்கல் உணவில், பூனை அதிகம் தண்ணீர் குடிக்கட்டும் என்று உப்பைக் கூட்டித் தயாரிக்கும் வகையும் உண்டு. சிறுநீரகம் பழுதான பூனைக்குக் கொடுக்கும் உணவின் கணக்கு வேறு. இரண்டு நோயும் இருந்தால் எதைத் தருவது என்பதை ஸ்கேன் முடிவு வந்த பிறகு உங்கள் டாக்டர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். ஈர உணவு, பல இடங்களில் தண்ணீர்க் கிண்ணம், சுத்தமான மணல் தட்டு, ஏறாத எடை: இவை இரண்டு நோய்க்கும் பொது, செலவும் குறைவு. தினமும் ஈரத்துணியால் கண்ணோரம் துடைப்பதும் முடியைச் சீவுவதும் அழகுக்காக மட்டும் இல்லை. சிக்கு விழுந்த முடியை மயக்கம் கொடுத்து மழிக்கும் நிலைக்கு விட்டால், சப்பை மூக்குப் பூனைக்கு மயக்க மருந்தே ஒரு தனி ரிஸ்க்.

செலவை மிச்சம் பிடிக்க வீட்டு வைத்தியம் பார்ப்பவர்கள் நிறைய. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

குட்டி விஷயம்

ராஜாவை இனச்சேர்க்கைக்கு விட வேண்டாம். அந்த மரபணுப் பிழை ராஜாவிடம் இருந்தால் பிறக்கும் குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு அது போகும், இன்று நீங்கள் எழுதியிருக்கும் இதே கடிதத்தை நாலைந்து வருடத்தில் வேறொருவர் எழுதுவார். பரிசோதனை நார்மல் என்று வந்தாலும் என் பதில் மாறாது. சேர்க்கையால் வரும் காயம், தொற்று, வரப்போகும் குட்டிகளின் செலவு ஆகியவற்றைப் பாலிசி பெரும்பாலும் ஏற்பதில்லை. கருத்தடை செய்யாத ஆண் பூனை சோபாவிலும் திரைச்சீலையிலும் சிறுநீர் பீய்ச்சி வைப்பதைச் சமாளிக்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடிந்து, மயக்கம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் கருத்தடை செய்துவிடுங்கள். பி.கே.டி. உறுதியானால் பிரீடருக்கு முடிவின் நகலை அனுப்புங்கள். கோபமாக எழுத வேண்டாம், தாளே பேசும்.

மறுபடி அடைத்தால்

இது ஆண் பூனைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் நோய், அதனால் தயாராக இருங்கள். மணல் தட்டுக்குப் போய்ப் போய் வருகிறான், முக்குகிறான், சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது வரவே இல்லை, அடிக்கடி அடிப்பகுதியை நக்குகிறான் என்றால் அந்த மணி நேரமே கிளம்புங்கள். முழு அடைப்பு ஓரிரு நாளில் கொன்றுவிடும். சீக்கிரம் போனால் பில்லும் குறையும், பொட்டாசியம் ஏறி இதயம் தடுமாறத் தொடங்கிய பூனைக்கு ஆகும் செலவு வேறு. இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அட்மிஷனுக்கு எவ்வளவு முன்பணம் கேட்பார்கள் என்று பகலிலேயே விசாரித்து வையுங்கள். பாலிசி எடுத்திருந்தாலும் பெரும்பாலும் முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகுதான் திரும்ப வாங்க வேண்டியிருக்கும்.

இரண்டு மூன்று முறை அடைத்தால் சிறுநீர்ப் பாதையை அகலப்படுத்தும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. அதற்கு எவ்வளவு ஆகும் என்று ஸ்கேனுக்குப் போகும் அன்றே உங்கள் டாக்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ராஜாவின் சேமிப்புக் கணக்குக்கு முதல் இலக்கு அந்தத் தொகை.